உச்சி வெயிலுக்கு எத்தனை வாட்? அவுட்டோர் ஃப்ளாஷ் வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரில் ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி, நண்பகல் பன்னிரண்டேகால் வாக்கில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. ஊர் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த வெயிலில் ஒரு முகத்தை நிறுத்திப் பாருங்கள். புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடும். மூக்கு நிழல் மேலுதட்டில் கறையாக விழும். நெற்றியும் கன்ன மேடும் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ முகூர்த்தம், பந்தி எல்லாம் முடிந்து ஜோடி மண்டபத்துக்கு வெளியே வருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். "ரெண்டே ரெண்டு அவுட்டோர் எடுத்துடுங்க தம்பி" என்று பெண்ணின் அப்பா கேட்பார். அந்த இரண்டு படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை, கடைக்குப் போகும் முன்பே பேனாவும் காகிதமும் வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில் வெயிலை அளப்போம்

பழைய ஃபிலிம் காலத்து விதி ஒன்று இன்றும் பொய்க்கவில்லை. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) எஃப்/16 என்றால் ஷட்டர் 1/100 நொடி. ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், அதாவது சிங்க் ஸ்பீடு, பெரும்பாலான கேமராக்களில் 1/160 முதல் 1/250 வரை இருக்கும். 1/200 என்று வைத்துக்கொண்டால் சரியான எக்ஸ்போஷர் எஃப்/11.

வானத்தின் நீலமும் மேகத்தின் வடிவும் படத்தில் நிற்க, சுற்றுப்புறத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்துக்கு, இறக்க வேண்டும். அப்போது எஃப்/16. ஆக உங்கள் ஃப்ளாஷ் முகத்தில் எஃப்/16 அளவு வெளிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரத்தில் சொல்லும் எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஐஎஸ்ஓ. "ஃப்ளாஷ் பத்தலை, ஐஎஸ்ஓவை ஏத்து" என்பது இருட்டு மண்டபத்தில் சரி. வெயிலில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெயிலும் அதே அளவு ஏறும், ஃப்ளாஷுக்கு ஒரு லாபமும் இல்லை. கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ பெரும்பாலும் 64 ஆகவோ 100 ஆகவோ இருக்கும். அதிலேயே நில்லுங்கள்.

ஃப்ளாஷ் என்ன தரும்

ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண் கைடு நம்பர். அதை மீட்டர் கணக்கில் தூரத்தால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100ல் முழு சக்திக்குக் கிடைக்கும் அபெர்ச்சர் வரும். கைடு நம்பர் 60, தூரம் 3 மீட்டர் என்றால் எஃப்/20.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். கேமராவின் தலையில் மாட்டும் சிறு ஃப்ளாஷான கோடாக்ஸ் டிடி685 ஸ்பீட்லைட்டுக்கு கைடு நம்பர் 60. அதே நிறுவனத்தின் ஏடி200க்கும், குழாய் வெளியே தெரியும் தலையை ரிஃப்ளெக்டரோடு மாட்டினால், 60தான். ஆனால் ஸ்பீட்லைட்டின் 60 தலையை 200 எம்எம் ஸூமுக்கு இழுத்து, வெளிச்சத்தை ஒரு குறுகிய கற்றையாகக் குவித்தபோது அளந்தது. வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸுக்குள் வைத்து விரித்தால் அந்தக் குவிப்பு போய்விடும். அதனால் வேறு வேறு வகை ஃப்ளாஷ்களை ஒப்பிட கைடு நம்பர் உதவாது. ஒருமுறை அடிக்கும்போது ஃப்ளாஷ் செலவிடும் ஆற்றலான வாட் செகண்டைப் பாருங்கள் (பேச்சில் வெறும் வாட்). லித்தியம் பேட்டரி போட்ட பெரிய ஸ்பீட்லைட் சுமார் 76 வாட் செகண்ட், ஏடி200 ப்ரோ 200, ஏடி400 ப்ரோ 400, ஏடி600 ப்ரோ 600. இரட்டித்தால் ஒரு ஸ்டாப் கூடும். 76லிருந்து 200க்குப் போனால் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப். 200லிருந்து 600க்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே ஒன்றரை ஸ்டாப்தான், ஆனால் விலையும் எடையும் அதைவிட வேகமாக ஏறும்.

இனி முழுக் கணக்கு. 200 வாட் செகண்ட் ஃப்ளாஷ், கைடு நம்பர் 60. உள்துணி, வெளித்துணி இரண்டும் போட்ட சாஃப்ட்பாக்ஸ் ஏறக்குறைய 2 ஸ்டாப் தின்னும், சில பெட்டிகள் அதற்கும் மேல்.

3 மீட்டரில்: எஃப்/20. துணிக்கு 2 ஸ்டாப் கழித்தால் எஃப்/10. போதாது.
2 மீட்டரில்: எஃப்/30. கழித்தால் எஃப்/15. இழுத்துப் பிடித்தால் சரி, மிச்சம் எதுவும் இல்லை.
1.5 மீட்டரில்: எஃப்/40. கழித்தால் எஃப்/20. தேவைக்கு மேல் சுமார் மூன்றில் இரண்டு ஸ்டாப் கையில் நிற்கிறது.

3 மீட்டரிலிருந்து 1.5 மீட்டருக்கு இரண்டு எட்டு முன்னால் வந்ததில் 2 ஸ்டாப் கிடைத்தது. அதே 2 ஸ்டாப்பைக் கடையில் வாங்கப் போனால் 200 வாட் செகண்ட் 800 ஆக வேண்டும். தூரம் குறைவதால் வெளிச்சம் மென்மையாவது கூடுதல் லாபம். எனவே எந்த ஃப்ளாஷ் என்று முடிவு செய்யும் முன் உங்கள் படங்களைத் திருப்பிப் பாருங்கள். இடுப்புவரை எடுக்கும் படங்களே அதிகமா, பாதம்வரை ஜோடி நிற்கும் படங்களா, கோபுரமும் சேர்ந்து வர வேண்டிய குடும்பப் படங்களா? லைட் எவ்வளவு கிட்டே வர முடியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது, வாட்டை அந்தத் தூரம் தீர்மானிக்கிறது.

எச்எஸ்எஸ் என்னும் ஆசை

எஃப்/16ல் எடுத்தால் பின்னால் நிற்கும் ஆட்டோ, கேபிள் வயர், எதிர்வீட்டு மாடியில் காயும் துணி எல்லாம் துல்லியமாகத் தெரியும். பின்னணி மங்க எஃப்/2.8 வேண்டும். அதற்கு ஷட்டரை 1/6400 வரை ஏற்ற வேண்டும். இங்கேதான் எச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீடு சிங்க், வருகிறது.

சிங்க் ஸ்பீடுக்கு மேலே போனால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருக்காது; ஒரு கீற்று மட்டும் சென்சாரின் மேல் நகர்ந்து போகும். அந்தக் கீற்று கடந்து முடியும்வரை ஃப்ளாஷ் சிறுசிறு துடிப்புகளாக விடாமல் எரிய வேண்டும். பெரும்பகுதி வெளிச்சம் ஷட்டர் திரையிலேயே மோதி வீணாகிறது. சிங்க் ஸ்பீடைத் தாண்டிய அந்த நொடியிலேயே சுமார் 2 ஸ்டாப் போய்விடும். அதற்குப் பிறகு ஷட்டரை ஒவ்வொரு ஸ்டாப் ஏற்றும்போதும் வெயிலோடு சேர்ந்து ஃப்ளாஷும் ஒரு ஸ்டாப் குறையும். எனவே 1/8000 வைத்தால் வெயிலை ஃப்ளாஷ் மிஞ்சிவிடும் என்பது தவறான நம்பிக்கை. எச்எஸ்எஸ் தருவது திறந்த அபெர்ச்சர் மட்டுமே. அதற்கு விலை 2 ஸ்டாப்.

மேலே போட்ட கணக்கில் பொருத்திப் பாருங்கள். 1.5 மீட்டரில் எஃப்/20 தந்த 200 வாட் செகண்ட் சாஃப்ட்பாக்ஸ், எச்எஸ்எஸ்ஸில் எஃப்/10க்குச் சமமான பலமே தரும். தேவைக்குச் சுமார் 1⅓ ஸ்டாப் குறைவு. துணியைக் கழற்றிவிட்டு வெறும் ரிஃப்ளெக்டர் போட்டால் தேறும், ஆனால் வெளிச்சம் கடினமாகும். துணியும் வேண்டும், எச்எஸ்எஸ்ஸும் வேண்டும் என்றால் 600 வாட் செகண்டுக்குத்தான் போக வேண்டும். 600 வாட் ஃப்ளாஷுக்கு உண்மையான தேவை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மாற்று வழி என்டி ஃபில்டர், அதாவது லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஷட்டரை 1/200லேயே விட்டு, 6 ஸ்டாப் குறைக்கும் என்டி64 மாட்டினால் எஃப்/16 எஃப்/2 ஆகிவிடும். என்டி8 என்றால் எஃப்/5.6. ஃபில்டர் வெயிலையும் ஃப்ளாஷையும் சமமாகக் குறைக்கிறது, நீங்கள் அபெர்ச்சரைத் திறந்து இரண்டையும் திரும்பப் பெறுகிறீர்கள். எச்எஸ்எஸ்ஸில் வீணாகும் 2 ஸ்டாப் மிச்சம். நின்று எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கு 200 வாட் ஃப்ளாஷும் நல்ல என்டி ஃபில்டரும்தான் எங்கள் முதல் பரிந்துரை. திருகித் திருகி அளவை மாற்றும் மலிவான வேரியபிள் என்டி வேண்டாம்: அகன்ற லென்ஸில் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவில் கறுப்பு நிழல் விழும், தோல் நிறம் பச்சைக்கோ மஞ்சளுக்கோ சாயும். மாப்பிள்ளை ஓடி வருவது, குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது போன்ற அசைவுப் படங்களுக்கு 1/200 போதாது. அங்கே எச்எஸ்எஸ்தான் வழி.

ஃப்யூஜி எக்ஸ்100 வரிசை கேமராக்களில் லென்ஸுக்குள்ளேயே, கீற்றாக நகராமல் முழுதாகத் திறக்கும் லீஃப் ஷட்டரும் என்டியும் இருப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் சோனி ஏ9 III போன்ற குளோபல் ஷட்டர் கேமராவிலும் அப்படியே. மற்றவர்களுக்குக் கணக்கு மேலே சொன்னதுதான்.

எந்த அளவு வாங்கலாம்

ஸ்பீட்லைட் ஒன்றை வைத்து உச்சி வெயிலில் சாஃப்ட்பாக்ஸ் வேலை செய்ய முடியாது. நிழலில் நிற்பவர்களுக்கு நிழலை நிரப்பவும், வெயில் சாய்ந்த பிறகும் அது போதும்.

தனியாக அலையும் ஒருவருக்கு 200 வாட் செகண்ட். ஏடி200 ப்ரோ பேட்டரியோடு ஒரு கிலோவுக்குள் அடங்கும், முழு சக்தியில் ஒரு சார்ஜுக்கு சுமார் 500 முறை அடிக்கும் என்பது நிறுவனக் கணக்கு. பின்னாளில் இன்னொன்று வாங்கி, இரண்டு தலையையும் ஒரே சாஃப்ட்பாக்ஸில் மாட்டும் ஏடி-பி2 பிராக்கெட்டில் போட்டால் 400 ஆகிவிடும். ஒன்று பழுதானால் இன்னொன்று கையில் இருக்கும். கல்யாண வேலையில் இது பெரிய நிம்மதி.

லைட் பிடிக்கத் தம்பி ஒருவர் உடன் வருகிறார், பாதம்வரை படங்கள் அதிகம் என்றால் 400. தலையும் பேட்டரியும் சேர்ந்து 2 கிலோ சொச்சம், மோனோபாடில் தூக்கிப் பிடிக்கலாம். 600 சுமார் 3 கிலோ. அதைக் கையில் பிடித்து அரைமணி நேரம் நிற்கச் சொல்வது தம்பிக்குச் செய்யும் கொடுமை, ஸ்டாண்டும் மணல் மூட்டையும் கட்டாயம். பத்துப் பேர் குடும்பப் படம், 3 மீட்டருக்கு அப்பால் லைட், எச்எஸ்எஸ்ஸில் துணி போட்ட வெளிச்சம் ஆகிய மூன்றில் ஒன்றாவது வாரந்தோறும் வருகிறதென்றால் 600 வாங்குங்கள். மாதம் ஒருமுறை என்றால் வாடகைக்கு எடுங்கள். பெங்களூரில் வாடகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

துணியும் காற்றும்

ஆனி, ஆடி மாதக் காற்றில் 90 செ.மீ. ஆக்டா பாக்ஸ் (எண்கோண சாஃப்ட்பாக்ஸ்) ஒரு பாய்மரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கும் நந்தி மலையின் பாறை விளிம்பில் கேட்கவே வேண்டாம். குடை என்றால் ஒரே வீச்சில் வெளிப்பக்கம் மடங்கிவிடும்.

திறந்த வெளிக்கு 40 செ.மீ. விட்டமுள்ள வெள்ளை பியூட்டி டிஷ் (தட்டு வடிவ ரிஃப்ளெக்டர்), அல்லது 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸில் வெளித்துணியை மட்டும் போட்டு உள்துணியைக் கழற்றியது. இரண்டுமே காற்றைக் குறைவாகப் பிடிக்கும், வெளிச்சத்தையும் குறைவாகத் தின்னும். ஸ்டாண்டின் ஒரு கால் லைட் நீட்டியிருக்கும் திசையில் இருக்கட்டும். 7 கிலோ மணல் மூட்டையைக் காலில் தொங்கவிடும்போது அதன் அடி தரையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் ஊசலாடி ஸ்டாண்டை அதுவே ஆட்டும். சந்தேகம் இருந்தால் ஸ்டாண்டை விட்டுவிட்டு ஆள் பிடிப்பதே நல்லது. கூட்டத்தில் யார் தலையிலும் விழக்கூடாது.

வாங்கும் முன், பணம் தரும் முன்

கேமராவில் மாட்டி ஃப்ளாஷை அடிக்கச் சொல்லும் ட்ரிக்கர் உங்கள் கேமரா கம்பெனிக்கு உரிய மாடலாக இருக்க வேண்டும். சோனிக்கான ட்ரிக்கர் கேனனில் எச்எஸ்எஸ் தராது. ரேடியோ ட்ரிக்கர் மட்டுமே வாங்குங்கள். இன்னொரு ஃப்ளாஷின் ஒளியைப் பார்த்து அடிக்கும் ஸ்லேவ் முறை வெயிலில் பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

பழையது வாங்கினால் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். கேமராவை மேனுவலில் வைத்து, வெள்ளைச் சுவரை நோக்கி முழு சக்தியில் 20 முறை அடியுங்கள். ஒவ்வொரு முறையும் தயார் விளக்கு எரியும்வரை காத்திருங்கள். 20 படங்களின் ஹிஸ்டோகிராமும் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஒன்று இருண்டு வந்தாலோ அடிக்காமல் விட்டாலோ குழாயோ கெபாசிட்டரோ களைத்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரியைக் கழற்றி மேசையில் படுக்க வையுங்கள். நடுப்பக்கம் உப்பியிருந்து ஆடினால் அதை வாங்காதீர்கள். கண்ணாடிக் குழாயின் முனைகள் கறுத்திருந்தால் குழாய் விலையைக் கழித்துப் பேசுங்கள். புதிது என்றால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், கூடுதல் பேட்டரி ஒன்றும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். மாடல் பழையதானால் பேட்டரிதான் முதலில் கிடைக்காமல் போகும்.

வெளியூர்க் கல்யாணத்துக்கு விமானத்தில் போகிறவர்கள் பேட்டரியின் வாட் அவரைப் பாருங்கள். ஏடி600 ப்ரோ பேட்டரி 28.8 வோல்ட், 2.6 ஆம்பியர் அவர். பெருக்கினால் சுமார் 75. 100க்குள் இருப்பதால் கைப்பையில் போகலாம். தனிப் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

இடத்தில் நின்று செய்வது

1. வெயிலை ஜோடியின் முதுகுப் பக்கம் தள்ளுங்கள். உச்சி நேரம் என்றால் மர நிழலுக்கு நகர்த்துங்கள், பின்னணி மட்டும் வெயிலில் இருக்கட்டும். நிழலில் முகத்தின் மேல் போட்டிக்கு வேறு வெளிச்சம் இல்லாததால் ஃப்ளாஷ் சொன்னபடி கேட்கும். லால்பாக், கப்பன் பார்க் இரண்டும் கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் கையில் இருப்பவை. ஸ்டாண்டும் சாஃப்ட்பாக்ஸுமாகப் போகும் முன் அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள்.

2. ஃப்ளாஷை அணைத்து வைத்து ஐஎஸ்ஓ 100, 1/200 வைத்து, வானம் கருகாமல் நிறம் பிடிக்கும்வரை அபெர்ச்சரை மூடுங்கள். இந்த நிலையில் முகம் இருட்டாகத்தான் தெரியும், பதற வேண்டாம். வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாவிட்டால் எக்ஸ்போஷர் ப்ரிவியூவை அணைத்துவிடுங்கள். எல்சிடியை வெயிலில் நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

3. ஃப்ளாஷை மேனுவலில் பாதி சக்திக்கு வையுங்கள். கண் மட்டத்துக்குச் சற்று மேலே, சூரியனுக்கு எதிர்ப்பக்கம், 45 டிகிரியில், ஃப்ரேமுக்குள் வராத மிகக் கிட்டத் தூரத்தில். ஃப்ளாஷ் சக்தியைக் கேமராவே தீர்மானிக்கும் டிடிஎல் முறையை வெள்ளை வேட்டியும் தங்கச் சரிகையும் ஏமாற்றும்: சரிகை ஒருமுறை மின்னினால் ஃப்ளாஷ் தன்னைக் குறைத்துக்கொள்ளும், அடுத்த படத்தில் கூட்டிக்கொள்ளும்.

4. ஒரு படம் எடுத்து மணப்பெண்ணின் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வெடிப்பது கொண்டையில் இருக்கும் மல்லிகை. பின்னால் இருந்து வெயில் படும் பூவில் இதழ் இதழாகத் தெரிகிறதா, வெறும் வெள்ளைத் திட்டா? திட்டு என்றால் அபெர்ச்சரை மூன்றில் ஒரு ஸ்டாப் மூடி, ஃப்ளாஷை அதே அளவு ஏற்றுங்கள். அடுத்து நெற்றிச்சுட்டிக்குக் கீழே புருவ மத்தி. மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி பளிச்சிட்டால் விளக்கு சிறியது அல்லது தூரம் அதிகம். சக்தியைக் குறைத்தால் முகமே இருளும். லைட்டைக் கிட்டே கொண்டுவாருங்கள், டிஷ்யூ பேப்பரால் வியர்வையை ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

5. மாலை ஐந்தரைக்கு மேல் வெயில் மஞ்சளாகும், ஃப்ளாஷ் 5,600 கெல்வினில் நீலமாக அடித்து முகத்தைத் தனியாக வெட்டி ஒட்டியதுபோல் காட்டும். பாதி சிடிஓ ஜெல் (வெளிச்சத்தை மஞ்சளாக்கும் ஆரஞ்சுத் தாள்) மாட்டுங்கள். சக்தியில் அரை ஸ்டாப்புக்கு மேல் போகும், அந்த நேரத்தில் அது பெரிதில்லை.

கோளாறு வந்தால்

படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை: ஷட்டர் சிங்க் ஸ்பீடைத் தாண்டிவிட்டது, எச்எஸ்எஸ் ஆன் ஆகவில்லை. நிக்கானில் இது ஆட்டோ எஃப்பி என்ற பெயரில் மெனுவில் இருக்கும், கேனனில் ட்ரிக்கரில் போட வேண்டும். 1/250லேயே மெல்லிய பட்டை வந்தால் ட்ரிக்கரின் தாமதமும், முழு சக்தியில் ஃப்ளாஷ் அணைய எடுக்கும் நேரமும் காரணம். 1/200க்கோ 1/160க்கோ இறங்குங்கள்.

ஃப்ளாஷ் அடிக்கவே இல்லை: சைலன்ட் அல்லது எலக்ட்ரானிக் ஷட்டர் ஆன் ஆகியிருக்கும். மண்டபத்தில் தாலி கட்டும்போது சத்தம் வேண்டாம் என்று போட்டதை வெளியே வந்ததும் மாற்ற மறப்பதுதான் வழக்கம்.

இடையிடையே விட்டுவிட்டு அடிக்கிறது: பக்கத்து வீடியோக்காரரின் வயர்லெஸ் மைக், வைஃபை எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கலாம். சேனலை மாற்றுங்கள். லைட் மிகக் கிட்டே இருந்து அடிக்க மறுத்தால் ட்ரிக்கர் மெனுவில் தூரத்தை 0 - 30 மீட்டருக்கு மாற்றுங்கள்.

சூடாகி நின்றுவிட்டது: எச்எஸ்எஸ்ஸில் முழு சக்திக்கு விடாமல் அடித்தால் எந்த ஃப்ளாஷும் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கும். அணைத்து, நிழலில் வைத்து, பத்து நிமிடம் விடுங்கள். பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள். பேட்டரிக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்றுக்கு மேல் வானம் கறுத்தால் இன்னொரு ஆபத்து. ஃப்ளாஷின் கெபாசிட்டரில் அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் மிச்சமிருக்கும், சூடான குழாயில் ஒரு துளி விழுந்தாலே கண்ணாடி விரியும். முதல் துளிக்கே ஸ்டாண்டை இறக்கி, பவரை அணைத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். பாலித்தீன் கவரை மேலே தொப்பிபோல் கவிழ்த்தால் போதும், இறுக்கிக் கட்ட வேண்டாம். கையால் தொட முடியும் அளவுக்குத் தலை ஆறிய பிறகே பைக்குள் போகட்டும்.